ரொட்டி வைத்த தொப்பி

மெரேயானா வாக்கர் ஒரு படுக்கையைக் கலைப்பதைப் பார்த்தால் முதலில் சண்டைக்காரி என்றுதான் தோன்றும். விரிப்பை ஒரே இழுப்பில் உருவி எறிவாள். கம்பளியை உதறுகிற உதறலில் திரைச்சீலை ஆடும். ஆனால் தலையணைக்கு வந்ததும் அவள் கை அடங்கிவிடும். தூங்குகிற குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல உறையை மெல்ல உருவி, அதற்கென்றே தள்ளுவண்டியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் வெள்ளைப் பையில் போடுவாள். தலையணையைத் தரையில் வைக்க மாட்டாள். மனிதர்கள் உட்காருகிற நாற்காலியிலும் வைக்க மாட்டாள். ஜன்னல் ஓரத்தில் நிற்க வைப்பாள். வெலிங்டன் துறைமுகத்தை வேடிக்கை பார்க்க வந்த விருந்தாளிகள்போல அவை வரிசையாக நிற்கும்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைக்கு உரியது வேறு, இடுப்புக்குக் கீழே உரியது வேறு, வாய்க்கு உரியது வேறு. தலையணைமேல் யாரும் உட்கார மாட்டார்கள். சோற்றுத் துணியை உள்ளாடையோடு துவைக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசைமேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எந்த மருமகனும் மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை.

அவளோடு வேலை பார்க்கும் மரிசெல் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரி. சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டாள்.

"ஏன்க்கா, தலையணையைக் கீழ போட்டா பேய் கீய் பிடிச்சுக்குமா?"

"பேயா? ஹோட்டல் ரூம் கூட்டிக் கூட்டி என் இடுப்பே போச்சு. மனுஷங்க விட்டுட்டுப் போற அசிங்கத்தைப் பாத்தா பேயே பயந்து ஓடிடும். ஒருத்தர் மூஞ்சியை வெச்சுத் தூங்கின இடம்டி அது. அவ்வளவுதான் சமாசாரம்."

மரிசெல் அன்றிலிருந்து தன் வண்டியிலும் ஒரு வெள்ளைப் பை கட்டிக்கொண்டாள்.

மேலாளர் டங்கனுக்கு இந்தப் பைகள் பிடிக்கவில்லை. துவைக்கிற இயந்திரம் கூடுதலாக ஓடுகிறது என்பது அவன் கணக்கு. "மேரி, இந்தக் காலத்துல இன்னும் இந்த மூடநம்பிக்கையெல்லாம் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். மெரேயானா என்ற பெயரை மேரி என்று சுருக்கியவனும் அவனே. சுருக்கினால் நெருக்கம் கூடும் என்று உண்மையாகவே நம்பினான். கெட்டவன் இல்லை. அந்த ஹோட்டலில் பன்னிரண்டாம் எண் அறைக்கு அடுத்த அறை பதினான்கு. நடுவில் ஓர் எண்ணை விழுங்கிவிட்டு, அதற்கு விருந்தாளிகளின் வசதி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. காசு கொடுப்பவனின் பயத்துக்கு வசதி என்று பெயர். கூட்டிப் பெருக்குகிறவளின் மரியாதைக்கு மூடநம்பிக்கை என்று பெயர். உலகம் முழுவதும் இந்த அகராதி ஒன்றுதான்.

ஹோட்டலின் பெயர் ‘ஃபெல்ட்’. ஒரே சொல்லில் பெயர் வைத்தால் வாடகையை ஏற்றிக்கொள்ளலாம் என்று இந்தத் தொழிலில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது தொப்பித் தொழிற்சாலை. முயல் ரோமத்தையும் ஆட்டு ரோமத்தையும் நீராவியில் வேகவைத்து, அழுத்தி, ஃபெல்ட் என்கிற கெட்டித் துணியாக்கித் தொப்பி செய்தார்கள். தொழிற்சாலை மூடி, கிடங்காகி, புறாக்களின் வீடாகி, கடைசியில் ஹோட்டலானது. செங்கல் சுவரைப் பூசாமல் அப்படியே விட்டார்கள். நீராவிக் குழாய்களுக்குக் கறுப்பு வர்ணம் அடித்துத் துண்டு தொங்கவிடும் கம்பியாக்கினார்கள். தொப்பியை வடிவமைக்கப் பயன்பட்ட மரத்தலைகளின் உச்சியில் துளை போட்டு மேசைவிளக்கு செய்தார்கள். அந்த மரத்தலைகளை மட்டும் மெரேயானா தன் கையால்தான் துடைப்பாள், நெற்றியிலிருந்து பின்பக்கமாக.

அறைகள் சிறியவை, ஆனால் குறை சொல்ல முடியாதவை. கால் வைத்த வெள்ளைக் குளியல் தொட்டி. மானுகா தேன் கலந்த சோப்பு. கதவுக்குப் பின்னால் இரண்டு மழைக்கோட்டு. குடை கிடையாது, ஏனென்றால் வெலிங்டன் காற்றில் குடையைப் பிடித்தவன் குடையோடு போய்விடுவான். வாத்து இறகு, கம்பளி, கோதுமை உமி என்று மூன்று வகைத் தலையணையில் எது வேண்டுமோ கேட்டுக்கொள்ளலாம். கேட்பார்கள். ஒரு சிட்னிக்காரர் மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டு, கடைசியில் முதலில் வந்ததையே வைத்துக்கொண்டார். மூன்று தடவையும் மாடி ஏறி இறங்கியவள் மெரேயானா. அவளுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. வேலைக்காரர்களுக்கு மின்தூக்கி கிடையாது. ஓய்வறை என்று சொல்லப்பட்ட இடத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்தால் ஆடும்.

இத்தனை வருடத்தில் அந்த ஹோட்டலுக்குள் காலெடுத்து வைக்காத ஒரே ஆள் அவள் கணவன் ரவீரி. தினமும் சாயங்காலம் அவளைக் கூட்டிப்போகக் காரோடு வருவான். பின்சந்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து ரேடியோவில் ரக்பி கேட்டுக்கொண்டிருப்பான். மழை கொட்டினாலும் இறங்க மாட்டான். "உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன்" என்று சமையற்காரன் செமிசி எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறான். "பரவால்ல தம்பி, எனக்கு ரேடியோ போதும்" என்று கண்ணாடியை ஏற்றிவிடுவான்.

காரணம் அவர்களுடைய கல்யாண நாள். கிழக்குக் கரையிலிருந்த அவள் ஊரில் காலையில் கல்யாணம். ராத்திரி வெலிங்டனில் ஒரு ஹோட்டலில் தங்கலாம் என்று ரவீரி முன்கூட்டியே தொலைபேசியில் அறை சொல்லியிருந்தான். வெள்ளைக்காரர் என்று நினைக்கவைக்கும் வாக்கர் என்ற குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் இருந்த ஆள் "தாராளமா வாங்க மிஸ்டர் வாக்கர்" என்றான். மீதி நாள் முழுக்கப் பேருந்தில் வந்து, கசங்கிய கோட்டும் தலையில் பூவுமாக இருவரும் மேசை முன்னால் நின்றபோது அதே ஆள் இருவருடைய முகத்தையும் பார்த்தான். ஏதோ தவறு நடந்துவிட்டதாம். அறை போய்விட்டதாம். அவன் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நிறத்தைப் பார்த்து அறை மறுக்கக் கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது, சாவி அவன் கையில் இருந்தது.

அன்று ரவீரி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தான். விட்டான். பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். புறநகரில் ஒரு பெரியப்பா மகன் வீட்டுக் கூடத்தில், நாலு பிள்ளைகளுக்கு நடுவில் படுத்துத் தங்கள் முதல் இரவைக் கழித்தார்கள். "இனிமே காசு குடுத்து அவமானம் வாங்க மாட்டேன்" என்று கூரையைப் பார்த்தபடி சொன்னான். சொன்னவன் பேருந்து ஓட்டினான், பிள்ளைகளை வளர்த்தான், ஓய்வும் பெற்றான். எந்த ஹோட்டலிலும் தங்கவில்லை. மெரேயானா மட்டும் எந்தத் தொழில் கிடைத்ததோ அதற்குப் போனாள். அது ஹோட்டலில் படுக்கை போடும் தொழிலாக இருந்தது. வாழ்க்கை இப்படித்தான் கிண்டல் செய்யும்.

அவளுடைய நீண்ட சேவையைப் பாராட்டி நிர்வாகம் ஒரு பரிசு அறிவித்தது. கடிகாரம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். "ரெண்டு பேருக்கு ஒரு ராத்திரி, டின்னர், காலைச் சாப்பாடு. நீங்க விருந்தாளியா வந்து தங்கணும், மேரி" என்றான் டங்கன். எல்லோரும் கை தட்டினார்கள். மெரேயானா சிரித்தாள்.

மூன்று நாள் அவள் அதை ரவீரியிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"நீ போய்ட்டு வா. மரிசெல்லக் கூட்டிட்டுப் போ. ஜாலியா இருக்கும்" என்றான், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மரிசெல் எனக்குப் புருஷனா?"

"என்னைவிட நல்லா துணி மடிப்பா."

"ரவீரி, இங்க பாரு. நான் எவ்வளவு படுக்கை போட்டிருப்பேன்? ஊர் பேர் தெரியாதவனெல்லாம் அதுல வந்து தூங்கிட்டுப் போயிருக்கான். குடிகாரன், கள்ளக்காதலன், கால் நாத்தம் பிடிச்சவன், எல்லாரும் தூங்கியிருக்காங்க. நீ ஒருத்தன்தான் தூங்கல. நான் போட்ட படுக்கையில ஒரு ராத்திரி நீ தூங்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

உருளைக்கிழங்குத் தோல் நீளமாக இறங்கிக்கொண்டே வந்து அறுந்தது.

"சட்டைக்கு இஸ்திரி போடணுமே" என்றான்.

அவள் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்க அடுப்புப் புகை ஒரு சாக்கு. ஆனால் அது மின்சார அடுப்பு.

"ஆனா ஒண்ணு மெரே. எவனாவது மூஞ்சியைச் சுளிச்சான்னா நான் எழுந்து வந்துடுவேன். நீ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்."

"எவன் சுளிப்பான்? எல்லாரும் என் ஆளுங்க."

அவர்கள் சனிக்கிழமை தங்குவதாக இருந்த வாரம், திங்கட்கிழமைதான் தொப்பிகள் வந்தன. சிட்னியிலிருந்து வந்த வடிவமைப்பாளர் ஒருவர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் புதுமெருகு கொடுத்திருந்தார். ரொட்டிக் கூடைகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பழைய தொப்பியைக் கவிழ்த்து, உள்ளே துணி விரித்து, அதில் ரொட்டி. தொழிற்சாலையின் கதை சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறதாம். விருந்தாளிகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் கேமராவைத் திறந்தார்கள். முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போனது.

துவைத்த மேசைத் துணிகளை அடுக்கக் கூடத்துக்குள் வந்த மெரேயானா வாசலிலேயே நின்றுவிட்டாள். தலையில் வைப்பதில் தின்பதை வைத்திருக்கிறார்கள். அதுவும் மேசைக்கு மேசை. உள்ளுக்குள் ஏதோ கூசியது. செருப்பில் சோறு பரிமாறியிருந்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்குமோ அப்படி. டங்கனைத் தேடிப் போனாள்.

"டங்கன், இந்தத் தொப்பிங்க... சாப்பிடற மேசையில வைக்காம இருந்தா நல்லாருக்கும். எங்க ஆளுங்களுக்கு அது பெரிய மரியாதைக் குறைவு. நம்ம ஊர்ல பாதிப் பேர் முகம் சுளிப்பாங்க."

"அட, வெறும் தொப்பி மேரி! புதுத் துணி விரிச்சிருக்கு. ரொம்பச் சுத்தம்." சிரித்தான். அவள் தோளைத் தட்டினான். கைபேசி அடித்தது, போய்விட்டான்.

மெரேயானா "பரவாயில்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை அது. ஏழைகளுக்கு அந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் சனிக்கிழமை நினைப்பு வந்ததும் பயம் வந்தது. ரவீரி எழுந்து போவதற்கு ஒருத்தன் முகம் சுளிக்கக்கூட வேண்டியதில்லை, மேசைமேல் ஒரு தொப்பி போதும். பரிமாறும் பையன் டோபியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை எங்க மேசைக்குத் தொப்பி வேணாம்ப்பா. ஒரு தட்டு போதும்."

டோபி தலையாட்டினான். நல்ல பையன். போய் டங்கனிடம் சொன்னான். டங்கனுக்கு மனசு இளகிவிட்டது. பாவம், கூச்சப்படுகிறாள், நமக்கெதற்கு அலங்காரம் என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். இத்தனை வருடம் உழைத்தவளுக்குச் சாதாரணத் தொப்பியே வேண்டாம், நம்மிடம் இருப்பதிலேயே சிறந்ததை வைப்போம் என்று முடிவு செய்தான்.

சனிக்கிழமை ரவீரி முன்வாசல் வழியாக வந்தான். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் "வணக்கம் மிஸ்டர் வாக்கர், உங்க அறை தயாரா இருக்கு" என்று சாவியை நீட்டினாள். அவன் சாவியை உடனே வாங்கவில்லை. அதைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மெரேயானா சுவரில் இருந்த தீயணைப்பு அறிவிப்பை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றாம் எண் அறை. படுக்கையை அன்று காலை அவளே போட்டிருந்தாள். மரிசெல் எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை.

"இதென்ன, மண்டையில பல்பு எரியுது?" என்றான் ரவீரி, மரத்தலை விளக்கைச் சுட்டி.

"தொப்பி செய்யற அச்சு."

"ம். கண்ணு மூக்கு இல்லாததால பிழைச்சான்." குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து மூடினான். மழைக்கோட்டைப் போட்டுப் பார்த்தான். சோப்பை முகர்ந்தான். தேநீர் டப்பாவைத் திறந்து மூடினான். "மெரே, இதெல்லாம் நமக்கா? எடுத்துக்கலாமா?"

"குடிக்கலாம். மரத்தலையை மட்டும் எடுத்துட்டுப் போகாதே."

அவன் படுக்கையின் ஓரத்தில், தலையணைக்குத் தூரமாக உட்கார்ந்து, விரிப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். சுருக்கம் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அங்கேயே எல்லாம் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோடைக்கால வெளிச்சம் இன்னும் துறைமுகத்தின்மேல் கிடந்தது. ஜன்னலோர மேசை. மெரேயானா முதலில் மேசையைத்தான் பார்த்தாள். தொப்பி இல்லை. மூச்சு விட்டாள். மற்ற மேசைகளில் இருந்தன. ரவீரி ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரி அவனை உட்காரவைத்தாள். பாவா சிப்பியை அரைத்துத் தட்டிய வடை வந்தது. ரவீரி கத்தியையும் முள்கரண்டியையும் ஓரமாக வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, விரலால் ஒன்றை வாயில் போட்டான். "செமிசி நல்லா பண்றான்" என்றான். அவன் தோள்கள் மெல்ல இறங்கின.

அப்போதுதான் டங்கன் வந்தான். சமையலறைக் கதவருகில் மரிசெல், டோபி, செமிசி எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டங்கன் இரண்டு கையாலும் ஏந்தி வந்தது ஒரு கறுப்புப் பட்டுத் தொப்பி, உயரமானது. முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் எப்போதும் பூட்டி வைத்திருப்பது. அதற்குள் வெள்ளைத் துணி, துணிக்குள் ஆவி பறக்க ஒரு ரொட்டி. உருளைக்கிழங்கைப் புளிக்கவைத்து மாவில் சேர்த்துச் சுடுகிற மாவோரி ரொட்டி. மெரேயானாவுக்காக செமிசி ஒரு வாரமாக அந்தப் புளிப்பைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தான்.

"எங்க மேரிக்கு!" என்று டங்கன் தொப்பியை இருவருக்கும் நடுவில் வைத்தான். கதவருகில் கை தட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் தட்டினார்கள்.

ரவீரி தொப்பியைப் பார்த்தான்.

"இது யாராவது போட்டதா?"

"ஆமா!" டங்கனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கம்பெனி ஆரம்பிச்ச பெரியவரோடது. கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் இதைத்தான் போட்டுட்டுப் போவாராம்."

"இருக்காரா?"

"ஐயோ, அவர் செத்து நூறு வருஷம் இருக்கும்!"

"செத்தவர் தலையில இருந்துதான் நாங்க ரொட்டி எடுத்துத் திங்கணுமா?"

டங்கன் சிரித்தான். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டான். ரவீரி சிரிக்கவில்லை. மடியிலிருந்த துணியை எடுத்து மேசைமேல் வைத்தான். அவன் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அந்தப் பிடி மெரேயானாவுக்குத் தெரியும். அடுத்து விடுவான். எழுவான். நடப்பான். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான்.

கதவருகில் செமிசியைத் தவிர எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அன்பாகச் செய்தது. மனம் நோகும். "பரவாயில்லை ரவீரி, துணிதான் விரிச்சிருக்கே" என்று சொன்னால் முடிந்தது. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்ததும் அவளுக்கு அந்த மூன்று தலையணைக்காரர் நினைவுக்கு வந்தார். காரணம் சொன்னாரா அவர்? வெறுமனே கையைத் தூக்கினார். இவள் முழங்கால் வலியோடு மூன்று தடவை மாடி ஏறினாள். இன்றைக்குப் பதினொன்றாம் எண் அறை யாருடையது?

மெரேயானா கையைத் தூக்கினாள். விருந்தாளிகள் தூக்குவார்களே, முழங்கையை மேசையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு விரலை மட்டும், அப்படி.

"டங்கன், இந்தத் தொப்பியை எடுத்துடுங்க. சாப்பிடற மேசையில வேணாம்."

"மன்னிக்கணும், இதோ" என்றது டங்கனின் வாய், அவன் யோசிப்பதற்கு முன்பே. தொப்பி மேசையிலிருந்து கிளம்பிவிட்டது. ஏன் என்று கேட்கவில்லை. சிரிக்கவில்லை. தோளைத் தட்டவில்லை. தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நாலு எட்டு போனவன் நின்றான். அவன் காதுமடல்கள் மெல்லச் சிவந்தன. திரும்பிப் பார்க்கத் துணியாமல் கதவுக்குள் போனான்.

செமிசிதான் வந்தான். தட்டில் இன்னொரு ரொட்டி.

"நான் தட்டுலதான் வெச்சுக் குடுத்தேன் ஆன்ட்டி. வழியில தொப்பி ஏறிக்கிச்சு. எங்க டோங்கா தீவுல இப்படிச் செஞ்சா எங்கப்பா என்னைக் கடல்ல தூக்கிப் போட்டிருப்பாரு."

"அப்ப முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?" என்றான் ரவீரி.

"நான் சொன்னா கேப்பாங்களா அங்கிள்? நான் அடுப்புக்காரன்."

ரவீரி ரொட்டியைப் பிட்டான். வெண்ணெய் தடவினான். பாதியை மெரேயானாவின் தட்டில் வைத்தான். கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தான்.

"நீ சொன்னா எப்பவும் இப்படித்தான் பறப்பானா?"

"இல்ல. திங்கக்கிழமையும் இதையேதான் சொன்னேன். சிரிச்சிட்டுப் போய்ட்டான்."

மெல்வது நின்றது. "இன்னிக்கு மட்டும்?"

"இன்னிக்கு நான் பதினொண்ணாம் நம்பர்."

ரவீரி துறைமுகத்தைப் பார்த்தான். ஒரு படகு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"எது வரைக்கும் நீ பதினொண்ணாம் நம்பர்?"

"நாளைக்கு ரூம் காலி பண்ற வரைக்கும்."

"காலைச் சாப்பாடு அதுக்கு முன்னாடிதானே?" என்று இன்னொரு துண்டு பிட்டான்.

காலையில் அவள் கண் விழித்தபோது ரவீரி தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். நரைத்த தலை கம்பளித் தலையணையில் பாதி புதைந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனையோ பேர் விட்டுப்போன குழிவுகளை அவள் தலையணைகளில் பார்த்திருக்கிறாள், தட்டிச் சரி செய்திருக்கிறாள். அந்தக் குழிவுக்குள் ஒரு முகம் இருக்கும்போது பார்த்ததில்லை. அவன் எழுகிறவரை அங்கேயே இருந்தாள். கை தானாகப் போர்வையின் ஓரத்தைச் சரி செய்தது. அதைத் தடுக்க அவள் முயலவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். அவர்கள் மேசையில் தட்டு. மற்ற மேசைகளில் தொப்பிகள், உள்ளே வெண்ணெய் மணக்கும் பிறை ரொட்டிகள். ரவீரி முட்டை கேட்டான். வந்தது. டோபியைக் கூப்பிட்டான்.

"தம்பி, மஞ்சக்கரு கொஞ்சம் இறுகிப்போச்சு. வேற கொண்டு வரியா?"

"ஏய், என்ன பண்ற?" மெரேயானாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "வீட்டுல கருகின முட்டையே திம்பியே நீ!"

"வீட்டுல நான் எத்தனாம் நம்பர்?" என்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டாவது முட்டையையும் உற்றுப் பார்த்தான். டோபி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இது சரி" என்று பெரிய மனது பண்ணினான்.

டங்கன் கூடத்துக்குள் வந்தவன் அவர்களைப் பார்த்து வேறு பக்கம் திரும்பப் போனான். மெரேயானா இரண்டு விரலைத் தூக்கினாள். வந்தான்.

"உட்காருங்க."

"நான் வேலையில இருக்கேன் மேரி..."

"மெரேயானா."

டங்கன் உட்கார்ந்தான்.

"நேத்து சாப்பாடு ரொம்ப நல்லாருந்தது. நீங்க செஞ்சது அன்பாத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் கேக்கணும். திங்கக்கிழமையும் நான் இதையேதான் சொன்னேன். ஏன் எடுக்கல?"

"அது... முதலாளிக்குப் பிடிச்சிருக்கு. விருந்தாளிங்க படம் எடுக்கறாங்க. வடிவமைப்பாளர் வேற..."

"நான் அதைக் கேக்கல டங்கன்."

அவன் விரலால் மேசைத்துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தான்.

"எனக்குச் சாமி கண்ணைக் குத்தும்னு பயம் இல்ல" என்றாள் அவள். "உங்களுக்கு அதுல நம்பிக்கை வரணும்னும் கேக்கல. ஒருத்தர் எனக்கு மரியாதைக் குறைவா இருக்குன்னு சொன்னா, அதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்? நேத்து நான் சொன்னதும் பறந்தீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தச் சாவியைக் குடுத்துடுவேன். நாளைக்கு ஏப்ரன் கட்டிட்டு வந்து இதே வாயால இதே வார்த்தையைச் சொல்லுவேன். அப்ப என்ன செய்வீங்கன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் தேநீர்க் கோப்பையை அவள் கை விடவே இல்லை. ரவீரி அதைப் பார்த்தான். தன் கையை அதன்மேல் வைத்தான். டங்கன் சிரித்துவிடுவானோ, கைபேசி அடித்துவிடுமோ என்று அவள் காத்திருந்தாள். கைபேசி அடித்தது. டங்கன் அதை எடுக்கவில்லை. பையிலேயே அமுக்கி நிறுத்தினான்.

எழுந்தான். பக்கத்து மேசை காலியாக இருந்தது. அதிலிருந்த பழுப்புத் தொப்பியிலிருந்து ரொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தான். துணியை உதறினான். பிறகு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றான். மேசையில் வைக்க முடியாது. நாற்காலியில் வைக்கலாமா என்று பார்த்தான், வைக்கவில்லை. தரையைப் பார்த்தான், அதுவும் சரியாகப் படவில்லை.

"இதை நான் எங்க வைக்கறது, மெரே... மெரேயானா?"

அவள் பதில் சொல்வதற்குள் ரவீரி முந்திக்கொண்டான்.

"எங்க வேணா வை தம்பி, உன் தலையில மட்டும் வெச்சுக்காதே. உள்ள வெண்ணெய் ஒட்டியிருக்கு."